டிராக்டர் வகுப்பும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும்: ஃப்ரெஸ்னோவா, டேவிஸா?

இங்கே கலிஃபோர்னியாவில், கம்யூனிட்டி காலேஜில் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதற்கு என் மகளுக்கு மூன்று யூனிட் (படித்த பாடத்துக்குத் தரும் மதிப்பு அலகு) கிடைத்தது. கலப்பையை மாட்டுவது, எஞ்சின் விசையைக் கருவிக்குக் கடத்தும் பின்பக்க பி.டி.ஓ. தண்டை இணைப்பது, வரப்போரம் சரிவில் திருப்புவது என்று ஒரு செமஸ்டர் முழுக்க அந்த வகுப்பு. ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்குப் போனால் அந்த மூன்று யூனிட்டும் கணக்கில் வரும். யு.சி. டேவிஸுக்குப் போனால் வராது.

"அப்பா, டேவிஸ்ல இது பூஜ்யமாம். அசிஸ்ட் வெப்சைட்ல போட்டுப் பார்த்தேன்" என்று அவள் வந்து சொன்னபோது அவளுக்குக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டாவது செமஸ்டர் பாதி முடிந்திருந்தது. அன்றைக்குத்தான் நாங்கள் இந்த ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்ய உட்கார்ந்தோம். எட்டு மாதம் தாமதம். அந்தத் தாமதத்துக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் பி.எஸ்சி அக்ரி படித்தவன். எங்கள் காலத்தில் மதிப்பெண்தான் கல்லூரியைத் தீர்மானித்தது. உள்ளே போய்விட்டால் நான்கு வருடமும் அதே வளாகம், கடைசி வருடத்தில் கிராமத்தில் தங்கி அனுபவப் பயிற்சி, அவ்வளவுதான். நடுவழியில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது என்ற பேச்சே கிடையாது. கலிஃபோர்னியாவில் அந்த மாறுதல்தான் ராஜபாட்டை. 1960-ல் போட்ட உயர்கல்வித் திட்டமே மூன்று அடுக்காக அமைந்தது: யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய கம்யூனிட்டி காலேஜ்கள் (இப்போது 116), அதற்கு மேல் சி.எஸ்.யூ. எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் (ஃப்ரெஸ்னோ ஸ்டேட் இதில் ஒன்று), ஆராய்ச்சிக்கென்று யு.சி. எனப்படும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் (டேவிஸ் இதன் ஒரு வளாகம்). முதல் இரண்டு வருடத்தைக் கீழ் அடுக்கில் படித்து, மூன்றாம் வருடத்தில் மேலே ஏறலாம். நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் தொழில் சான்றிதழ் தரும் இடம் என்றுதான் நினைப்போம். என் மாமியாரும் அப்படித்தான் நினைத்தார். "இவ்வளவு மார்க் வாங்கின புள்ளைய ஏன் அங்க போட்டீங்க" என்று போனில் கேட்டார். போட்டதற்குக் காரணம் கணக்கு: ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து அந்தக் கட்டணம் ஏறவே இல்லை. மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கு மொத்தம் 2,760 டாலர். முதல்முறையாக முழுநேரம் சேர்கிறவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் பல.

நாங்கள் இருப்பது சென்ட்ரல் வேலியில், 99-ம் நெடுஞ்சாலையை ஒட்டி, ஃப்ரெஸ்னோவிலிருந்து அரை மணி நேரத் தொலைவில். வீட்டைவிட்டு வெளியே வந்தால் பாதாம் தோப்பு. உலகப் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்த மாநிலத்தில்தான் விளைகிறது. பிப்ரவரியில் மரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, தேனீப் பெட்டிகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அதே சாலையில் வேரோடு பிடுங்கிக் குவித்த தோப்புகளும் கண்ணில் படும். 2014-ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி, மிக மோசமாக வற்றிய படுகைகள் 2040-க்குள் எடுப்பையும் ஊறலையும் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதைப் பார்த்து வளர்ந்த பெண் அக்ரி படிக்கிறேன் என்றதில் எனக்கு ஆச்சரியமில்லை. எங்கே படிப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. மனைவி டேவிஸ் பக்கம், நான் ஃப்ரெஸ்னோ பக்கம்.

கெமிஸ்ட்ரி போடும் கிளைப் பாதை

டேவிஸா ஃப்ரெஸ்னோவா என்பதை இரண்டாம் வருடத்தில் விண்ணப்பம் போடும்போது முடிவு செய்யலாம் என்றுதான் பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். உண்மையில் முதல் செமஸ்டரில் எந்த கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்காருகிறார்கள் என்பதிலேயே பாதை பிரிந்துவிடுகிறது.

சி.எஸ்.யூ. வழிக்கு மாறுதலுக்கான இணைப்பட்டம் என்று ஒன்று உண்டு. எல்லாரும் ஏ.டி.டி. என்றுதான் சொல்கிறார்கள். 2010-ல் வந்த ஒரு சட்டத்தால் உருவானது. வேளாண்மையில் பயிர் அறிவியல், கால்நடை அறிவியல், வேளாண் வணிகம் என்று தனித்தனியாக இருக்கிறது. மண்ணியல், பயிர் அறிமுகம், புள்ளியியல், பொருளாதாரம் எல்லாம் அதில் அடங்கும். கெமிஸ்ட்ரி பெரும்பாலும் ஒரு செமஸ்டரோடு முடிந்துவிடும். நடைமுறைக்கு நெருக்கமான, நல்ல பாடத்திட்டம்.

டேவிஸின் பயிர் அறிவியலுக்கு அது போதாது. ஜெனரல் கெமிஸ்ட்ரி முழுத் தொடர், அதன் மேல் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஒரு வருட உயிரியல். திராட்சையும் ஒயினும் படிக்கும் விட்டிகல்ச்சர் பிரிவு என்றால் கால்குலஸும் ஃபிசிக்ஸும் சேரும். இவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் படிக்க முடியும். முதல் செமஸ்டரில் ஜெனரல் கெமிஸ்ட்ரியைத் தொடங்கினால்தான் நான்காவது செமஸ்டரில் ஆர்கானிக் முடியும். சின்னக் கல்லூரிகளில் ஆர்கானிக் வருடத்தில் ஒருமுறைதான் நடக்கும். அந்த செமஸ்டரைத் தவறவிட்டால் ஒரு வருடம் போனது.

எங்களுக்கு நடந்தது இதுதான். முதல் நாள் சந்தித்த கவுன்சிலர், அதாவது கல்லூரியின் பாட ஆலோசகர், "ஏ.டி.டி. முடித்தால் எல்லாக் கதவும் திறக்கும்" என்று சொல்லி, அந்தப் பட்டியலையே எழுதிக் கொடுத்தார். கல்லூரி பெயர் வேண்டாம், அந்த அம்மாவும் நல்லவர்தான், ஒரு நாளைக்கு முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறார். ஆனால் ஏ.டி.டி. முக்கியமாகத் திறப்பது சி.எஸ்.யூ. கதவைத்தான், டேவிஸின் கதவை அல்ல. முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியே இல்லாமல் போயிற்று. பிறகு ஒரு கோடைகாலம் முழுவதும், வெளியே 42 டிகிரி வெயில் கொளுத்த, வேறொரு கல்லூரிக்கு நாற்பது நிமிடம் ஓட்டிப்போய் ஜெனரல் கெமிஸ்ட்ரியை எட்டே வாரத்தில் விழுங்கினாள். வார இறுதியில் நானும் என் மனைவியும் வீட்டில் டிவி போடவில்லை.

அதனால் சொல்கிறேன்: கவுன்சிலரைப் பாருங்கள், ஆனால் போவதற்கு முன் அசிஸ்ட் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று அங்கே வரிக்கு வரி இருக்கிறது. ஒரு தொடரைப் பாதி இங்கே பாதி அங்கே படித்தால் ஈடு உடையக்கூடும் என்பதும் அதில்தான் தெரிந்தது. தொடரை ஒரே கல்லூரியில் முடிப்பது நல்லது.

இரண்டு உத்தரவாதங்கள்

ஏ.டி.டி. வைத்திருந்தால் சி.எஸ்.யூ. அமைப்புக்குள் ஓர் இடம் நிச்சயம். எந்த வளாகம், எந்தப் பாடம் என்பது நிச்சயமில்லை. அங்கே போனபின் 60 யூனிட்டில் பட்டத்தை முடிக்க விடுவார்கள் என்பதுதான் அதன் பெரிய லாபம்.

டேவிஸ் தருவது வேறு மாதிரி. டி.ஏ.ஜி. என்ற மாறுதல் உத்தரவாதம், அந்த வளாகத்துக்கும் அந்தப் பாடத்துக்கும் நேரடியாகத் தரப்படுவது. இளநிலைப் படிப்பு உள்ள ஒன்பது யு.சி. வளாகங்களில் ஆறு மட்டும் இதைத் தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியாகோவும் தருவதில்லை. ஒருவர் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் மாதம் மட்டும்தான் போடலாம். டேவிஸில் பெரும்பாலான பாடங்களுக்கு ஜி.பி.ஏ. (நாலுக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.2 கேட்கிறார்கள், சிலவற்றுக்குக் கூடுதல். கேட்ட பாடங்களைக் கேட்ட காலத்துக்குள் முடித்திருக்கவும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேரடியாக டேவிஸுக்கு முயல்கிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தால், இது பக்கத்து வாசல் என்றே சொல்லலாம். நம்மவர்களில் பாதிப் பேருக்கு இந்த வாசல் இருப்பதே தெரியாது. பையன் கம்யூனிட்டி காலேஜில் என்று சொல்லவே கூச்சப்படுகிறார்கள்.

ஃப்ரெஸ்னோ

என் ஓட்டு ஏன் ஃப்ரெஸ்னோவுக்கு? ஆயிரம் ஏக்கர் பண்ணை வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. பாதாம், திராட்சை, ஆரஞ்சு, மாட்டுப் பண்ணை எல்லாம் உண்டு. மாணவர்கள் விளைவித்ததை அங்கேயே கிப்சன் சந்தையில் விற்கிறார்கள். மே கடைசியில் இனிப்பு மக்காச்சோளம் வரும் நாளில் விடிவதற்கு முன்பே ஊர் வரிசையில் நிற்கும். ஒரு தடவை நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பஞ்சாபிப் பெரியவர், பின்னால் ஒரு மெக்சிகோக் குடும்பம், மூன்று பேருமே இரண்டு டஜன் வாங்கினோம். 1997-ல் ஒயின் தயாரித்து, புட்டியிலடைத்து, விற்க உரிமம் பெற்ற நாட்டின் முதல் பல்கலைக்கழகமும் அதுதான். படிப்பும் வியாபாரமும் ஒரே களத்தில் நடப்பது எனக்குப் பிடித்தது.

இன்னொரு காரணம் வேலை. இந்தப் பகுதியில் அக்ரி பட்டதாரியின் முதல் நல்ல வேலை பெரும்பாலும் பி.சி.ஏ., அதாவது பூச்சி, நோய், களை மேலாண்மைக்குப் பரிந்துரை எழுதும் ஆலோசகர். நம் ஊரில் மருந்துக்கடைக்காரர் வாயால் சொல்லிவிடுவதை இங்கே மாநில உரிமம் பெற்றவர்தான் எழுத்தில் தர வேண்டும். பட்டதாரி என்றால், பட்டத்தோடு குறிப்பிட்ட துறைகளில் 42 செமஸ்டர் யூனிட் காட்டினால் தேர்வு எழுத விடுவார்கள். கம்யூனிட்டி காலேஜில் படித்த மண்ணியல், பயிர்ப் பாதுகாப்பு எல்லாம் இதில் சேர்த்தி. டேவிஸ் பட்டம் இருந்தால் இந்தத் தேர்வில் தனிச் சலுகை ஒன்றும் கிடையாது. வேலைக்கு எடுக்கிறவரும் ஃப்ரெஸ்னோவில் படித்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோடையில் அவர் தோப்பிலேயே பூச்சிக் கணக்கெடுக்கப் போனால், படிப்பு முடிகிறபோது வேலையும் தயாராக இருக்கும்.

டேவிஸ்

1905-ல் சட்டம் போட்டு, 1908-ல் பெர்க்லியின் கிளைப் பண்ணையாகத் தொடங்கியது. இன்று வளாகமே 5,300 ஏக்கர். இயந்திரத்தால் பறிக்கும் தக்காளி இங்கேதான் பிறந்தது. ஜாக் ஹன்னா தோல் தடித்த, ஒரே நேரத்தில் பழுக்கிற ரகத்தை உருவாக்க, கோபி லோரன்சன் அதைப் பறிக்கும் இயந்திரத்தை வடிவமைத்தார். 1964 முடிவில் மெக்சிகோத் தொழிலாளர்களைக் கொண்டுவரும் திட்டம் நின்றதும் சில வருடங்களில் சாஸ் தக்காளி வயல்கள் முழுக்க இயந்திரத்துக்கு மாறின. ஆயிரக்கணக்கான கூலிகளுக்கு வேலை போயிற்று. அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி யாருக்காக என்று கேட்டு 1979-ல் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்கே போட்டார்கள். அந்தக் கேள்வியை இன்னும் வகுப்பில் விவாதிக்கிறார்கள் என்று மகள் சொல்கிறாள். கேட்க நன்றாக இருந்தது.

டேவிஸில் வயல் இல்லாமல் இல்லை. 1977-லிருந்து மாணவர் பண்ணை இருக்கிறது. ரசல் ராஞ்ச் என்ற இடத்தில் 1993-ல் நூறு வருடத்துக்கென்று ஒரு பரிசோதனையைத் தொடங்கி, பாசனமும் உரமும் மண்ணை என்ன செய்கின்றன என்று வருடா வருடம் அளக்கிறார்கள். ஆனால் அங்கே வயலே ஒரு கேள்விக்காகத்தான் இருக்கிறது, விளைச்சலுக்காக அல்ல. மேற்படிப்பு, ஆராய்ச்சி, ஒயின் தொழில், உணவு அறிவியல் என்று போக நினைக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் மாநிலத்தில் இல்லை. தோப்பு மேலாளராக ஆசைப்படும் பிள்ளைக்கு அங்கே பாதி பாடம் சுமை.

ஒரு எச்சரிக்கை. டேவிஸ் குவார்ட்டர் முறை. பத்து வாரத்தில் பாடம் முடியும், மூன்றாவது நான்காவது வாரமே முதல் தேர்வு. பதினாறு வார செமஸ்டருக்குப் பழகியவர்கள் முதல் குவார்ட்டரில் தடுமாறுவது சகஜம். ஆறுதல் என்னவென்றால், முந்நூறு பேர் உட்காரும் முதலாண்டு வகுப்புகளில் பெரும்பாலானதை அவர்கள் ஏற்கெனவே முப்பது பேர் வகுப்பில் முடித்திருப்பார்கள்.

மற்றவை

சான் லூயிஸ் ஒபிஸ்போவில் இருக்கும் கால் பாலி எல்லாருக்கும் கனவு. செய்து படி என்பதுதான் அவர்களின் கொள்கை. மாணவர்களே பயிரிட்டு, கால்நடை வளர்த்து, லாபத்தில் பங்கு வாங்கும் திட்டங்கள் உண்டு. ஆனால் எல்லாப் பிரிவுகளிலும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகம், ஏ.டி.டி. இருந்தாலும் அந்த வளாகம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வளாகக் கட்டணம் மற்ற சி.எஸ்.யூ.க்களைவிட வெகு அதிகம், கடற்கரை ஊர் வாடகை அதற்கு மேல். விண்ணப்பம் போடலாம், நம்பி உட்காரக்கூடாது. 2026 இலையுதிர் பருவத்திலிருந்து குவார்ட்டரை விட்டு செமஸ்டருக்கு மாறுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

வடக்கே இருப்பவர்களுக்கு சிகோ, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு பொமோனா, இரண்டும் சி.எஸ்.யூ. வளாகங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் பைத்தியம் உள்ளவர்கள் யு.சி. ரிவர்சைடைப் பார்க்கலாம், 1907-லிருந்து அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

பணம்

சி.எஸ்.யூ. கல்விக் கட்டணம் 2025-26-க்கு 6,450 டாலர், வருடத்துக்கு ஆறு சதவீதம் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அதே வருடம் யு.சி. ஏறக்குறைய 15,000. இந்த இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே பட்டியல் விலை. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மாநில உதவித்தொகையும் யு.சி.யின் சொந்தத் திட்டமும் சேர்ந்து கல்விக் கட்டணத்தை முழுவதும் அடைத்துவிடும், அப்போது டேவிஸும் ஃப்ரெஸ்னோவும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்களைப் போல் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் கடிக்கும்.

உண்மையான செலவு வாடகை. டேவிஸில் அறையும் சாப்பாடும் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையே தாண்டும். ஃப்ரெஸ்னோ என்றால் காலையில் இட்லி சாப்பிட்டுக் காரை எடுத்து, மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு வருடத்துக்கு இந்த ஒரு வரியே மற்ற எல்லாவற்றையும் அடித்துச் சாப்பிட்டுவிடுகிறது. மாறாக, சாக்ரமெண்டோ பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கணக்கு அப்படியே தலைகீழ். ஆகவே என் கணக்கை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், உங்கள் வீட்டு முகவரியை வைத்துப் போடுங்கள்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: மத்திய அரசின் உதவித்தொகை கிடைக்காது. 21 வயதில் அந்த விசா முடியும், பெரும்பாலும் அது பட்டம் முடிகிற தறுவாயில் வந்து நிற்கும். இரண்டு வருடத்தை மூன்றாக இழுக்கும் வசதி அவர்களுக்கு இல்லை, கெமிஸ்ட்ரி வரிசை அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

எங்கள் வீட்டில்

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். பணம், வேலை, தூரம், பண்ணை, யூனிட் எல்லாம் ஃப்ரெஸ்னோ என்றே சொன்னது. மனைவி சொன்ன காரணம் "பேர்" ஒன்றுதான், அதை நான் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு இடத்திலும் அனுமதி வந்தது.

தாளை மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது உங்களுக்குப் போட்ட கணக்குப்பா" என்றாள். எங்கள் தெருக்கோடித் தோப்பில் ஒரு மூலையில் மட்டும் மரங்கள் இலைநுனி கருகி நிற்கும். உப்பு என்று நானும் சொன்னேன், தோப்புக்காரரும் சொன்னார், ஜிப்சம் போட்டார்கள். அவள் ஒரு வருடமாக அந்த மூலை மண்ணையும் எதிர்மூலை மண்ணையும் எடுத்து வந்து கல்லூரி லேபில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே உரம், அங்கே மட்டும் உப்பு ஏன் தேங்குகிறது என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்று தெரிந்தால் எனக்குப் போதும், நான் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் சொட்டுநீர்க் குழாய் விற்றுப் பிழைக்கிறேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை அவள் சுமையாகவே பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

யு.சி.க்கு மாறுகிறவர்கள் ஜூன் 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். மே 29-ம் தேதி இரவு முன்பணம் கட்டினோம், டேவிஸுக்கு.

இளையவன் இந்த வருடம் பள்ளி முடிக்கிறான். பள்ளி விவசாய மாணவர் அமைப்பான எஃப்.எஃப்.ஏ.வின் நீல நிறக் கோட்டைக் கழற்றுவதே இல்லை, ஆடு வளர்த்துக் கண்காட்சியில் விற்றுச் சொந்தமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். எனக்கு ஃப்ரெஸ்னோதான் என்று இப்போதே சொல்லிவிட்டான், அவன் விஷயத்தில் என் தாள் அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் கம்யூனிட்டி காலேஜில் முதல் செமஸ்டருக்கு ஜெனரல் கெமிஸ்ட்ரியில் பெயர் பதியச் சொன்னேன். முறைத்துக்கொண்டே பதிந்தான். நேற்று பார்த்தோம், காத்திருப்போர் வரிசையில் பதினோராவது ஆள்.